கரண்டி விருது

எங்கள் விடுதியில் போர்வைகள் ஒட்டுமொத்தமாகத் துவைக்கப்படுவது ஆண்டுக்கு ஒருமுறைதான். இந்தித் திரைப்படங்களுக்கான விருது விழா தொலைக்காட்சியில் வரவிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் அது நடக்கும். நிறுவனம் கொடுத்த போர்வைகள் அனைத்தும் ஒரே சிவப்பு. ஒன்றன் முனையோடு அடுத்ததன் முனையைச் சேர்த்து ஊக்கு குத்தி, குளியலறைப் பக்கத்திலிருந்து உணவுக்கூடத்து வாயில்வரை தாழ்வாரம் நெடுக விடுதிப் பெண்கள் விரித்துவிடுவார்கள். மும்பையில் நடிகையர் நடந்து வரும் கம்பளம் அன்று ஒரு மாலைக்கு மட்டும் சூளகிரிப் பக்கம் வந்துசேரும். அதன்மேல் ஒப்பனையோடு நடந்து வந்து, விழா முடிந்தபின் அதையே எடுத்துப் போர்த்திக்கொண்டு உறங்குவார்கள். நடந்தபின் துவைப்பதுதானே முறை என்று ஒருமுறை கேட்டேன். "கம்பளம் அழுக்கா இருக்கக் கூடாது மேடம். நாங்க இருந்துக்கலாம்" என்று சொன்னவளைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நான் அவ்விடுதியின் காப்பாளர். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவர் சேரவில்லை என்று துறையை மூடினார்கள். ஓசூர் நெடுஞ்சாலையோரத்துத் தொழிற்சாலை ஒன்று தன் பெண் தொழிலாளர் விடுதிக்குப் படித்த பெண்மணி ஒருவரைத் தேடியது. விடுதியிலேயே தங்க வேண்டும் என்பது நிபந்தனை. என் அறை வாயிற்கதவை ஒட்டியது. அதன் சன்னல் வழியே பார்த்தால் கம்பி வலை, அதற்கப்பால் மதில், மதிலுக்கு மேலே சரக்கு லாரிகளின் தார்ப்பாய் மூடிய தலைகள் மட்டும் ஓசூர்ப் பக்கமும் குருபரப்பள்ளிப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிறு பிற்பகல் நிறுவனத்துப் பேருந்து பெண்களை ஓசூர்க் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும். மற்ற நேரங்களில் என் கையெழுத்தில்லாமல் ஒருத்தியும் வெளியே போக முடியாது. என் கையெழுத்தை எனக்கு நானே இட்டுக்கொள்ளவும் முடியாது. மத்தூரில் இருக்கும் என் வீட்டுக்குப் போக நான் மனிதவளப் பிரிவின் அனுமதிக்குக் காத்திருப்பேன். சாவி என் இடுப்பில் இருந்ததால், பெண்கள் என்னை அடைப்பவள் என்று எண்ணினார்கள். அடைபட்டவர்களில் சாவி வைத்திருந்தவள் நான் ஒருத்தி; அவ்வளவுதான் வேறுபாடு.

உணவுக்கூடத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சி. விடுதியில் பாதிப் பேர் ஜார்க்கண்டு, ஒடிசா பக்கத்துப் பெண்கள். மீதிப் பேர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தார். ஆண்டு முழுவதும் தமிழ்த் தொடர்களே ஓடின. அதற்கு ஈடாக, விருது விழா நாளன்று மாலை முழுதும் தொலைக்காட்சி வடக்கத்துப் பெண்களுக்கு உரியது என்று எனக்கு முன்பிருந்த காப்பாளர் காலத்திலேயே உடன்பாடு ஏற்பட்டிருந்தது. தமிழ்ப் பெண்கள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். நடப்பதை யாராவது தமிழில் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்பவள் நான் முதலில் குறிப்பிட்ட அவளேதான்; பாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்து, தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வரிசையில் பக்கத்தில் நின்றவர்களிடமிருந்து இந்தியைக் கற்றுக்கொண்டவள். அவள் ஊருக்கு நிறுவனத்தின் பேருந்து போகாது என்பதால் விடுதியில் தங்கியிருந்தாள். நான்கு மொழிகளும் அவளிடம் சரளமாக இருந்தன. உண்மை மட்டும் மொழிபெயர்ப்பில் கொஞ்சம் சரளமாகிவிடும். மேடையில் தொகுப்பாளர் ஏதோ சொல்ல, வடக்கத்துப் பெண்கள் சிரித்தால், இவள் உடனே திரும்பி, அவர் வீட்டில் மனைவி பேசவிடுவதில்லையாம், அதனால்தான் இந்த வேலைக்கு வந்தாராம் என்பாள். தமிழ்ப் பெண்கள் சிரிப்பார்கள். தமிழ் ஓரளவு பிடிபட்டிருந்த ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தி எழுந்து என்னிடம் முறையிடுவாள்.

"மேடம், அக்கா பொய் சொல்லுது. அவரு அப்டி பேசல."

"பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல? அதான் சேர்த்துச் சொன்னேன்" என்பாள் இவள்.

அந்த மாலையில் அவர்களுக்கென்று இன்னொரு விழாவும் இருந்தது. ஒளிபரப்பில் விளம்பர இடைவேளைகள் மிக நீண்டவை. ஒவ்வோர் இடைவேளையிலும் நான் ஒலியை அணைத்துவிடுவேன்; அந்நேரத்துக்குள் விடுதியின் விருது ஒன்று வழங்கி முடிக்கப்படும். கவிழ்த்த தம்ளரின்மேல் சாம்பார்க் கரண்டியை நிறுத்தி, தின்பண்டப் பொட்டலங்களின் வெள்ளிப் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி ஒட்டினால் அதுவே சிலை. ஒரே சிலைதான், வாங்கியவள் அடுத்தவளுக்காகத் திருப்பித் தந்துவிட வேண்டும். குளியலறையை முதலில் பிடிப்பவளுக்குச் சிறந்த சண்டைக்காட்சி விருது. மேற்பார்வையாளரிடம் வயிற்றுவலி என்று நம்பும்படி அழுதவளுக்குச் சிறந்த நடிகை விருது. யாருக்கு எது என்பதைச் சோற்றுத் தட்டை ஏந்தி நிற்கும் வரிசையிலேயே பேசி முடித்திருப்பார்கள்.

வென்றவள் கம்பளத்தில் நடந்து வந்து, கரண்டியை வாங்கி, தொலைக்காட்சியில் செய்வதைப் போலவே நன்றி சொல்ல வேண்டும். அப்போது தோழி ஒருத்தி கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, வென்றவளின் வீட்டைக் காணொளி அழைப்பில் இணைத்துவிடுவாள். நன்றியுரை வீட்டு மொழியில்தான் இருக்கும். சந்தாலியிலும் ஒடியாவிலும் பேசும்போது கூடத்தில் பெரும்பாலோருக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் பேசுகிறவளின் குரல் அடைத்துவிட்டால், உடனே அனைவரும் கைதட்டித் தட்டுகளைக் கரண்டியால் அடித்து ஒலி எழுப்பிவிடுவார்கள். மும்பையில் அழுகிறவர்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அழுகை வெளியே தெரியாமல் மூடிவிடும் நாகரிகம் என்று அதை இவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நான் சொல்லவந்த ஆண்டில், போர்வைகள் சோப்பு நீரில் ஊறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், பாகலூர்க்காரி என் அறைக்கு வந்தாள். விழா முடிந்த வாரம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அவளுடைய தாயின் தம்பிக்கு அவளைக் கொடுப்பதென்று முடிவாகி, வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது புதிதில்லை; அவள் தாயே தன் தாய்மாமனை மணந்தவள்தான். உனக்கு விருப்பமில்லையா என்று கேட்டேன்.

"என்னை இடுப்புல தூக்கினு திரிஞ்சவரு மேடம். அவரு போட்ட பழைய சட்டையத்தான் பாவாடை மேல போட்டுக்கினு நான் ஸ்கூலுக்குப் போவேன். எனக்கு அவரு மாமா. வேற எதுவா பார்க்கறதுன்னு எனக்குத் தெரியல."

வீட்டில் இதைச் சொன்னாயா என்றேன். சொல்லத் தொடங்கினாலே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவார்கள் என்றும், அந்த வீட்டில் தான் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்ததே இல்லை என்றும் சொன்னாள். வெற்றிலை மாற்றிவிட்டால் பிறகு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. பிறகு, தான் விடுப்புக் கேட்டு வருவதாகவும், நான் தரக்கூடாதென்றும் கேட்டுக்கொண்டாள். இருபத்தொரு வயதானவள் தானே விடுப்புக் கேட்டு, அதை மறுக்கும்படியும் தானே கேட்கிறாள். குடும்ப நிகழ்ச்சிக்கு விடுப்பை மறுக்க விதியில் இடமில்லை, வேண்டாம் என்பதை வீட்டாரிடம் நீதான் சொல்ல வேண்டும் என்றேன். "சரிங்க மேடம்" என்று எழுந்து போய்ப் போர்வையைப் பிழியத் தொடங்கினாள். இரண்டு பேர் பிழிய வேண்டிய போர்வையை ஒருத்தியாகவே முறுக்கிக்கொண்டிருந்தாள்.

விழா நாள் வந்தது. திரையில் நடிகை ஒருவர் முதுகு முழுதும் தெரியும் நீண்ட உடையில் கம்பளத்தில் நடந்தார்.

"ஏன்டி, இத்தனை சம்பாதிச்சும் முதுகுக்குத் துணி எடுக்க முடியலையா அந்தம்மாவுக்கு?" என்று ஒரு தருமபுரிப் பெண் கேட்டாள்.

"டெய்லர் லீவுல போயிட்டாராம். வார்டன் மேடம் கையெழுத்துப் போட்டுட்டாங்களாம்" என்று பாகலூர்க்காரி விளக்கினாள். கூடம் சிரித்து என்னைப் பார்த்தது. நானும் சிரித்தேன்.

முதல் விருதை ஒரு மூத்த நடிகர் பெற்றார். நெடுநேரம் பேசினார். அவர் என்ன சொல்கிறார் என்று தமிழ்ப் பெண்கள் அவளை இடித்துக் கேட்டார்கள். அவள் மொழிபெயர்க்கவில்லை. திரையையே பார்த்தபடி, "பாருங்களேன், கையில அதை வெச்சிருக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேச மாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து வந்த இடைவேளைகளில் எங்கள் விருதுகள் நடந்தன. ஜார்க்கண்டுப் பெண் சண்டைக்காட்சி விருது பெற்றுத் தந்தைக்கு நன்றி சொல்லும்போது குரல் உடைந்தது, தட்டுகள் முழங்கின. திரைக்குள் அவள் தந்தை ஒன்றும் விளங்காமல் கைகூப்பினார். பிறகு சிறந்த நடிகை. பாகலூர்க்காரியின் பெயரைக் கூவினார்கள். அவள் கட்டில் விரிப்பைத் தோளில் ஊக்கால் குத்தி, தரையில் புரளவிட்டு நடந்து வந்து கரண்டியை வாங்கினாள். அறைத்தோழி கைப்பேசியை உயர்த்தினாள். தொலைக்காட்சியின் கீழ், ஒலியை அணைத்த ரிமோட் கருவியோடு நான் அமர்ந்திருந்ததால் அந்தச் சிறு திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாய், தந்தை, வேறு சில பெரியவர்கள், ஓரத்தில் மெலிந்த ஓர் ஆள். மகளுக்குப் பரிசு என்று எல்லாரும் மலர்ந்திருந்தார்கள்.

அவள் தெலுங்கில் பேசினாள். அம்மொழி தெரிந்த மற்ற இருவரும் அப்போது பணியில் இருந்தார்கள்; கூடத்திலிருந்தவர்களுக்கு அது வழக்கமான நன்றியுரை. எனக்கும் தெலுங்கு தெரியாது. ஆயினும் இரண்டு சொற்கள் என் காதில் விழுந்தன. ஒன்று மாமா. மற்றது வத்து. வேண்டாம் என்று பொருள். ஓசூர்ச் சந்தையில் காய்கறிக்காரரோடு பேசிய எனக்கு அந்த ஒரு சொல் பழக்கம். கரண்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒருமுறையும் நிறுத்தவில்லை. சிறு திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. தாயின் வாய் அசைந்தது. யாரும் குறுக்கிடவியலாதபடி இவள் தொடர்ந்து பேசினாள். அந்த வாக்கியம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டது என்பதை அவள் தோள்கள் காட்டின. முடித்தாள். முடித்தபின் குரல் அடைத்தது.

கூடம் முழுதும் கைதட்டியது. தட்டுகள் முழங்கின. ஒடிசாப் பெண்கள் பெஞ்சின்மேல் ஏறிச் சீழ்க்கை அடித்தார்கள். கைப்பேசித் திரையில் இருந்தவர்கள் அந்த முழக்கத்தைக் கேட்டபடி அசையாமல் இருந்தார்கள். பிறகு திரை இருண்டது. விளம்பரம் முடிந்திருந்தது, என் விரல் பழக்கத்தால் ஒலியைக் கூட்டியது. அவள் கரண்டியைத் திருப்பித் தந்துவிட்டுத் தன் இடத்தில் அமர்ந்து, மேடையில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று மீண்டும் சொல்லத் தொடங்கினாள். அன்று அதன்பின் அவள் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வாயிற்கதவில் ஓர் ஆள் வந்து நின்றார். கைப்பேசித் திரையின் ஓரத்தில் இருந்த மெலிந்த மனிதர். வேறொரு தொழிற்சாலையின் சீருடை, தோளில் சோற்றுப்பை. பணிக்குப் போகும் வழியில் இறங்கியிருந்தார். தான்தான் அந்தப் பெண்ணின் மாமன் என்றார். அவளை அழைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். என்னோடுதான் பேச வேண்டுமாம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"என்னைத் தூக்கி வளர்த்த மாமாவுக்கு நன்றின்னா. மாமா எனக்கு எப்பவும் மாமாவாவே இருக்கட்டும், இந்தக் கல்யாணம் வேணாம்னா. எனக்கும் மனசு ஒப்பல மேடம். ஆனா எங்கக்கா சொல்லிட்டா நான் எதுத்துப் பேசினதில்ல."

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அவ பேசினத யாரு மதிச்சாங்க? நீங்க எல்லாரும் கை தட்டினீங்க பாருங்க, அதுலதான் ஆடிப்போயிட்டாங்க. இத்தனை பொண்ணுங்க, வார்டன், கம்பெனின்னு எல்லாரும் அவ பக்கம் நிக்கறாங்க, கட்டாயப்படுத்தினா போலீசு கேசுன்னு போயிடும்னு பெரியவங்க வெத்தல பாக்க நிறுத்திட்டாங்க."

அந்தக் கூடத்தில் ஒருத்திக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை, அழுகை வந்தால் தட்டுவது இவர்கள் வழக்கம், நேற்று ஜார்க்கண்டுக்காரிக்கும் அப்படியே தட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம், எல்லாரும் அவள் பக்கம்தான்" என்றேன்.

அவர் தலையசைத்தார். போவதற்கு முன் தம் எண்ணைக் கொடுத்தார். அக்கா விடமாட்டாள், யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொல்லி இவளை வெளியே வரவழைப்பாள், வந்துவிட்டால் ஏதாவதொரு கோயிலில் தாலி கட்டச் சொல்லித் தம்மையும் இழுத்துப் போவார்கள், தமக்கு மறுக்கத் தெரியாது என்றார். "அவ கேட்டாக்கூட விடாதீங்க மேடம். இங்கயே இருக்கட்டும்."

அந்த வார இறுதியிலேயே தாய் வந்தாள். வாழைப்பழச் சீப்போடு வந்து, கணவருக்கு மார்வலி, மகளைப் பார்க்க வேண்டுமென்று துடிக்கிறார் என்று அழுதாள். செய்தி எப்படியோ மாடிக்குப் போய், பெண் பையோடு இறங்கி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் அறைக்குள் போய் மாமனைக் கைப்பேசியில் அழைத்தேன். "எங்கக்கா வூட்டுக்காரரா? களத்துல ராகி காயவெச்சினு இருக்காரு மேடம். நல்லாத்தான் இருக்காரு" என்றார். வெளியே வந்து, விடுப்பு இல்லை என்றேன்.

தாய் அழுகையை நிறுத்தினாள். "எங்க பொண்ண எங்களுக்கே அனுப்ப மாட்டீங்க. தெரியும். அன்னிக்கே எல்லாரும் சேர்ந்து தட்டினீங்களே" என்றாள். பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். பழம் மகளுக்குப் பிடித்த வகையாம்; அதைப் பிறகு மகள்தான் சொன்னாள். தாய் பேருந்துக்கு நின்ற நேரம் முழுதும் இவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா நலமாக இருக்கிறார் என்று மாமன் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

"எங்கப்பாவுக்கு ஒருநாள் நிஜமாவே முடியாமப் போச்சுன்னா மேடம்? அப்ப வந்து சொன்னா எப்படி நம்பறது?"

 

அதன்பின் அவள் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் ஏறவில்லை. ஓசூர்ப் பேருந்து நிலையத்தருகே அவளுடைய பெரியப்பா மகன்கள் இருவர் அவளை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்ததைத் தோழிகள் பார்த்துவந்து சொன்னார்கள். தலையெண்ணெயும் சோப்பும் அவளுக்காக மற்றவர்கள் வாங்கி வந்தார்கள். விடுதிக்கும் தொழிற்சாலைக்கும் இடையே, இரு மதில்களுக்கு நடுவிலுள்ள அந்தச் சிறு பாதை ஒன்றே அவளுக்குத் தெருவாயிற்று. அந்த மணத்தினின்று அவளைக் காத்தது அந்தக் கதவு. அவளை வேறெங்கும் விடாததும் அதுவே. பூட்டும்போதெல்லாம் இவ்விரண்டில் எதைச் செய்கிறேன் என்று எண்ணிக்கொள்வேன்.

மாமன் அவ்வப்போது வேர்க்கடலையோடு வருவார். இருவரும் வலைக்கு இருபுறமும் நின்று தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். அவருக்கு வேறிடத்தில் திருமணமாகிவிட்டால் இவள் தாராளமாக வெளியே வரலாம். "நிலம் இல்லாதவனுக்கு எவன் குடுக்கறான் மேடம்? பார்த்துக்கினேதான் இருக்கேன்" என்று ஒருநாள் என்னிடம் வருந்தினார். "மாமா, மொதல்ல அந்த மீசைய எடு" என்றாள் இவள், வலைக்கு இந்தப் பக்கமிருந்து.

இந்த ஆண்டும் போர்வைகள் துவைக்கப்பட்டன. கரண்டியில் வெள்ளித்தாள் சுற்றப்பட்டது. புதிதாக வந்த பெண்களுக்குப் பாகலூர்க்காரி நடிகர்களின் குடும்பச் சண்டைகளைப் பழையபடி தன் விருப்பம்போல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் இடைவேளையில் வாழ்நாள் சாதனை விருதை அவளுக்கே கொடுத்தார்கள். வெளியே போகாமல் மிக நீண்ட காலம் இருந்தவள் என்பது காரணம். சிரித்துக்கொண்டே கம்பளத்தில் நடந்து வந்தாள். யாரை அழைக்க என்று தோழி கேட்டாள். மாமாவைக் கூப்பிடு என்றாள்.

அவர் ஏதோ உணவகத்தில் இருந்தார். பின்னால் தட்டுகள் விழும் ஓசை. மீசை இல்லை. அவள் நன்றியுரையைத் தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள். வத்து என்ற சொல் எங்கும் வரவில்லை. குரலும் அடைக்கவில்லை. ஆதலால் எங்கே கைதட்டுவது என்று கூடத்துக்குத் தெரியவில்லை. அவள் பேசி முடித்து, கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். திரையில் மாமனும் காத்திருந்தார்.

நான் கையிலிருந்த கருவியை மடியில் வைத்துவிட்டு, முதலில் தட்டினேன். பிறகு எல்லாரும் தட்டினார்கள். விளம்பரம் முடிந்து விழா தொடங்கியிருந்தது. ஒலியைக் கூட்டச் சொல்லி ஒருத்தியும் கேட்கவில்லை.